ஒன்பது ஏ: கதையை முழுசாச் சொல்லுங்க



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். சண்டைக்கு வருவதென்றாலும் முழுவதையும் வாசித்துவிட்டு கொமென்டுக்கு வாருங்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தால் நம்மட ஊரில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இரவோடிரவாக பெனர் அடிபடும். சந்தியில் ஒன்று, பாடசாலை கேற்றில் ஒன்று, டியூட்டரி சுவரில் ஒன்று. பிள்ளையின் படம், பெயர், வாப்பாவின் பெயர், பெரிய எழுத்தில் 9ஏ. கீழே அதிபர், ஆசிரியர் குழாம், பழைய மாணவர் சங்கம், போதாததற்கு இரண்டு அரசியல்வாதிகளின் சிரித்த முகம்.

நான் பெனருக்கு எதிரி இல்லை. பிள்ளை உழைத்திருக்கிறது, சந்தோஷப்படத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது அந்த எண்ணை நாம் சொல்லும் விதத்தை.

உலகத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கும் 9ஏ என்றால் பெரிய விஷயம். அவர்கள் பாறை ஏறுகிறவர்கள். அவர்களுக்குப் பரீட்சைத் திணைக்களம் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, சுட்டெண் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒருவன் ஏறினானா இல்லையா என்பதற்குப் பல நேரம் கீழே கயிறு பிடித்தவர்தான் சாட்சி. ஆனாலும் அவர்கள் தங்கள் 9ஏயைச் சொல்லும் விதம், நாம் நம்மட பிள்ளைகளின் 9ஏயைச் சொல்லும் விதத்தைவிட நேர்மையானது. இதுதான் என் குற்றச்சாட்டு. இனி அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். லீட் கிளைமிங் என்பதில் கயிறு மேலேயிருந்து தொங்காது. ஏறுகிறவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழேயிருந்து தொடங்குவார். பாறையில் சில மீற்றருக்கு ஒன்றாக போல்ட் அடித்திருக்கும். ஒவ்வொன்றையும் தாண்டும்போது கயிற்றை அதில் கொளுவிக்கொண்டே போகவேண்டும். அடுத்த போல்ட்டை எட்டுமுன் கைவிட்டால், கடைசியாகக் கொளுவிய இடத்துக்கும் கீழே போய்த்தான் கயிறு தாங்கும். இதில் ஒரு சட்டம் இருக்கிறது: கயிறு காப்பாற்ற மட்டும்தான், ஏற்றிவிட அல்ல. நடுவில் கயிற்றில் தொங்கி ஒரு நிமிடம் மூச்சு வாங்கினாலும் அந்த ஏற்றம் கணக்கில் இல்லை. கீழே இறங்கி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தரம் உண்டு. பிரெஞ்சு முறையில் எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும்: 6ஏ, 7பி, 8சி என்று ஏறி, 9ஏ, 9ஏ பிளஸ், 9பி, 9பி பிளஸ், 9சி என்று போகும். ஜேர்மனியின் பிராங்கன்ஜூராவில் 1991இல் வொல்ப்காங் குல்லிச் ஏறிய ‘அக்ஷன் டிரெக்ட்’ என்ற பாதைதான் இன்றைக்கும் 9ஏக்கு அளவுகோல். குட்டையான பாதை. ஆனால் பாய்ந்து போய் இரண்டு விரல் மட்டும் நுழையும் ஓட்டையைப் பிடிக்கவேண்டும். அதற்கென்றே அவர் கால் வைக்காமல் விரல் பலத்தால் மட்டும் ஏறும் மரப்பலகைப் பயிற்சியை உருவாக்கினார். அந்தப் பலகை இன்று உலகம் முழுக்க ஏறும் கூடங்களில் இருக்கிறது. இரண்டாவது ஆள் அந்தப் பாதையை ஏற 1995 வரை ஆனது.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஒன்று: எப்படி ஏறினாய்?

பாறை ஏறுகிற ஒருவரிடம் “உன்னுடைய ஆகக் கூடிய தரம் என்ன?” என்று கேட்டால் ஒரு எண்ணில் பதில் முடியாது. முறையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மூன்று முறைகள் முக்கியமானவை. பாதையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், யாரும் சொல்லித்தராமல், முதல் தடவையிலேயே விழாமல் ஏறினால் அது ஒன்சைட். வேறொருவர் ஏறுவதைப் பார்த்தோ, எந்த இடத்தில் எந்தக் கை என்று கேட்டறிந்தோ முதல் தடவையில் ஏறினால் அது பிளாஷ். பலமுறை விழுந்து, பழகி, பிறகு ஒரு நாள் கீழேயிருந்து மேல்வரை விழாமல் ஏறினால் அது ரெட்பொயின்ட். இந்தப் பெயர் 1970களில் பிராங்கன்ஜூராவில் பிறந்தது. குர்ட் அல்பேர்ட் என்பவர், ஆணியிலோ கயிற்றிலோ தொங்காமல் ஏறி முடித்த பாதைகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார்.

செக் நாட்டு அடம் ஒன்ட்ராவை எடுங்கள். 2017 செப்டம்பரில் நோர்வேயின் பிளட்டாங்கர் குகையில் ‘சைலன்ஸ்’ என்ற பாதையை ஏறி, உலகின் முதல் 9சி என்று சொன்னார். அது பழகிப் பழகி எடுத்தது. சொல்லிக்கேட்டு முதல் தடவையில் ஏறியதில் அவருடைய உச்சம் 9ஏ பிளஸ். 2018இல் பிரான்சில் ஏறினார். ஒன்றும் தெரியாமல் முதல் தடவையில் ஏறியதில் உச்சம் 9ஏ. ஆக ஒரே ஆளுக்கு மூன்று எண்கள், மூன்றும் உண்மை. மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால்தான் முழு உண்மை. “ஒன்ட்ரா 9சி” என்று மட்டும் சொன்னால் ஏறுகிறவர்களே “சரி, எப்படி?” என்று கேட்பார்கள்.

நம்மட பெனரில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறதா? ஒரு பிள்ளை வீட்டில் தனியாக, பாடசாலைப் புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்து ஏழு ஏ, இரண்டு பி எடுத்திருக்கும். இன்னொரு பிள்ளை ஐந்து பாடத்துக்கு டியூஷன், விடுமுறையில் செமினார், கடைசி மாதத்தில் எதிர்பார்க்கை வினாத்தாள் என்று ஒன்பது ஏ எடுத்திருக்கும். இரண்டும் நல்ல பெறுபேறுதான். டியூஷன் எடுத்தது குற்றமும் இல்லை. ரெட்பொயின்ட் குற்றமில்லாததைப்போலத்தான். ஆனால் ஒன்றைச் சந்தியில் தொங்கவிட்டு மற்றதை வாயால்கூடச் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்?

இதைவிட வேடிக்கை, ஒரே பிள்ளையின் படம் மூன்று டியூட்டரிகளின் போஸ்டரில் “எமது மாணவன்” என்று வருவது. ஒரு பாடத்துக்கு இரண்டு மாதம் வந்து போன பிள்ளையும் அவர்களுக்கு “எமது” பிள்ளைதான். பாறை உலகத்தில் போல்ட் அடித்தவர் ஒருவர், முதலில் ஏறியவர் இன்னொருவர் என்றால் இரண்டு பெயரும் தனித்தனியாகப் பதிவாகும். பிரான்சின் செயூஸில் இருக்கும் ‘பிப்ளியோகிராபி’ என்ற பாதைக்குப் போல்ட் அடித்தவர் அமெரிக்கரான ஈதன் பிரிங்கிள். முதலில் ஏறியவர் ஜேர்மனியரான அலெக்ஸ் மெகோஸ். அடித்தவர் “நான்தான் ஏறினேன்” என்று சொல்வதில்லை.

இரண்டு: எத்தனை தடவை?

பாறை ஏறுகிறவர்களின் கதைகளில் எனக்கு ஆகப் பிடித்தது தோல்விகளின் கணக்குத்தான். மெகோஸ் அந்தப் பிப்ளியோகிராபிக்கு ஏறத்தாழ 60 நாட்கள் கொடுத்தார். பிரெஞ்சுக்காரரான செப் புவென் 2022இல் வெர்டோன் பள்ளத்தாக்கில் ‘டிஎன்ஏ’ என்ற பாதையை ஏறி 9சி என்று முன்வைத்தார். அதற்கு மூன்று ஆண்டுகளும் இருநூறுக்கு மேற்பட்ட முயற்சிகளும் போயின. இதை அவர் மறைக்கவில்லை. முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். ஏனென்றால் எத்தனை நாள் எடுத்தது என்பதும் அந்தத் தரத்துக்கான சாட்சி. “200 தடவைக்கு மேல் விழுந்தேன்” என்று உலகின் ஆகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவர் வெளிப்படையாகச் சொல்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

இனி நம்மட ஊருக்கு வருவோம். கணிதத்தில் முதல் தடவை டபிள்யூ. இரண்டாம் தடவையும் டபிள்யூ. மூன்றாம் தடவை சி. அந்தப் பிள்ளையின் வீட்டில் இனிப்புக் கொடுத்தார்களா? பாடசாலை பேஜில் ஒரு வரி போட்டார்களா? இல்லை. உம்மா பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார். சொன்னால் “எத்தனையாம் தரம்?” என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பாறை ஏறுகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது மதிப்பதற்காக. நாம் கேட்பது குத்துவதற்காக.

வேலை விண்ணப்பத்தில் “இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமல்” என்று வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு கதவு மூடுகிறது. அது நிர்வாகத்தின் விதி, அதை இங்கே விவாதிக்க வரவில்லை. ஆனால் ஊரும் குடும்பமும் பாடசாலையும் அந்த விதியையே மனதுக்குள் வைத்துக்கொள்ளவேண்டும் என்று யார் சொன்னது? மூன்றாம் தடவை கணிதம் சித்தியடைந்த பிள்ளை ரெட்பொயின்ட் செய்திருக்கிறது. விழுந்த இடத்துக்கே திரும்பிப் போய், விழுந்த அதே கேள்வியை எதிர்கொண்டு மேலே போயிருக்கிறது. பதினாறு வயதில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று வகுப்பில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவைக்கு வெட்கப்பட்டு பரீட்சைக்கே விண்ணப்பிக்காமல் கடைக்கு வேலைக்குப் போன பெடியன்மாரையும், அதே வெட்கத்தில் வீட்டோடு நின்றுபோன பிள்ளைகளையும் எங்களுக்குத் தெரியும். அவர்களை நிறுத்தியது கணிதம் மட்டுமில்லை. சந்தியில் தொங்கிய பெனரும்தான்.

மூன்று: எண்ணைக் குறைத்தால் மானம் போகுமா?

பாறையில் முதலில் ஏறியவர் சொல்லும் தரம் வெறும் முன்மொழிவு. அதன்பின் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். பலர் ஒத்துப்போனால் தரம் நிலைக்கும். இல்லாவிட்டால் மாறும்.

பிப்ளியோகிராபியையே பாருங்கள். 2020இல் மெகோஸ் அதை 9சி என்றார். உலகின் இரண்டாவது 9சி. எவ்வளவு பெரிய பெயர்! அடுத்த ஆண்டே இத்தாலியரான ஸ்டெபானோ கிசோல்பி அதை ஏறி, இன்னும் இலகுவான ஒரு வழியைக் கண்டதாகவும், 9பி பிளஸ் என்பதே பொருத்தம் என்றும் சொன்னார். மெகோஸ் சண்டை பிடிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். கிசோல்பியின் நிலையையும் யோசியுங்கள். 9சி என்றே விட்டிருந்தால் அவருக்கும் ஒரு 9சி கிடைத்திருக்கும். ஸ்பொன்சர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தன்னுடைய சாதனையின் எண்ணைத் தானே குறைத்தார். அதனால் இருவரின் மரியாதையும் கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுபக்கமும் உண்டு. பாறை ஏறுகிறவர்கள் மலக்குகள் இல்லை. பிரெஞ்சுக்காரரான பிரெட் ரூலிங் 1995இல் ‘அகிரா’ என்ற பாதையை ஏறியதாகச் சொல்லி 9பி என்றார். அந்த நேரம் உலகம் 9ஏயில்தான் நின்றது. பலர் நம்பவில்லை. 25 ஆண்டுகள் அந்தச் சந்தேகம் அவரைத் தொடர்ந்தது. 2020இல் செப் புவெனும் லூசியன் மார்ட்டினேசும் அதை ஏறினார்கள். பாதை ஏறக்கூடியதுதான் என்று தெரிந்தது. எண் 9பி இல்லை, 9ஏ என்றே இருவரும் சொன்னார்கள். ஸ்பெயினில் ‘சிலாம் பலாம்’ என்ற நீண்ட பாதைக்கு 2003இல் 9பி பிளஸ் என்று உரிமை கோரப்பட்டது. 2011இல் ஒன்ட்ரா ஏறி 9பி என்றார். இரண்டு கதையிலும் ஒரே பாடம்: பெருப்பித்த எண், உண்மையான உழைப்பின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும். 9ஏ என்பதே 1995இல் மலைபோன்ற சாதனை. அதற்கு மேல் சேர்த்த எண்தான் 25 ஆண்டுகளாகப் பாரமாக இருந்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பென் மூன் 1990இல் ‘ஹபிள்’ என்ற பாதையை ஏறி 8சி பிளஸ் என்று மட்டும் சொன்னார். பின்னால் வந்த பலர் அதுதான் உலகின் முதல் 9ஏயாக இருக்கவேண்டும் என்று வாதாடுகிறார்கள். குறைத்துச் சொன்னவருக்கு மற்றவர்கள் கூட்டிக் கொடுக்கிறார்கள். கூட்டிச் சொன்னவரிடமிருந்து மற்றவர்கள் குறைத்து எடுக்கிறார்கள்.

நம்மட பாடசாலைகளில் “95 வீதச் சித்தி” என்று போடுகிறோமே, அது எத்தனை பேரில் என்று போடுகிறோமா? பத்தாம் தரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், பரீட்சைக்கு எத்தனை பேர் தோற்றினார்கள், இடையில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? “வீதம் குறைந்துவிடும், இந்தப் பிள்ளை இந்த வருடம் எழுதாமல் விட்டால் நல்லது” என்று பெற்றோரிடம் சொல்லப்படும் வழக்கம் இந்த நாட்டில் இல்லை என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியுமா? அப்படிக் கூட்டிய ஐந்து வீதம், உண்மையாக உழைத்த பிள்ளைகளின் பெறுபேற்றையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. பெறுபேறு அமானிதம். அதில் கூட்டவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

நான்கு: யாருடைய உடம்புக்கு?

பாறைத் தரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதை ஏறுகிறவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். உயரமானவருக்கு எட்டும் பிடி, குட்டையானவருக்குப் பாய்ந்தால்தான் கிடைக்கும். மெல்லிய விரலுக்குப் பொருந்தும் வெடிப்பு, தடித்த விரலுக்குப் பூட்டிய கதவு. அதனால் “எனக்கு இது 8பி மாதிரி இருந்தது, உனக்கு வேறாக இருக்கலாம்” என்று சர்வசாதாரணமாகப் பேசுவார்கள்.

இந்த விஷயத்தில் அவர்களுடைய வரலாறு சுத்தமில்லை. ஒரு பெண் ஏறிவிட்டால் “அந்தப் பாதை இலகுதான்” என்று உடனே தரத்தைக் குறைக்கப் பார்க்கும் குணம் அங்கேயும் இருந்தது. அமெரிக்கப் பெண்ணான லின் ஹில் 1990இல் பிரான்சில் ‘மாஸ் கிரிட்டிக்’ என்ற 8பி பிளஸ் பாதையை ஏறி, அந்தத் தரத்தை எட்டிய முதல் பெண்ணானார். ஒரு பெண்ணால் அது முடியாது என்று பேசப்பட்ட காலம் அது. அதன்பின் ஸ்பெயினின் பாஸ்க் பெண் ஜோசுனே பெரெசியார்ட்டு 2002இல் 9ஏ ஏறினார். 2017 பெப்ரவரியில் அமெரிக்காவின் மார்கோ ஹேஸ் 9ஏ பிளஸ். அதே ஆண்டு ஒக்டோபரில் ஒஸ்திரியாவின் ஆஞ்சலா ஐட்டர் 9பி. 2025 ஏப்ரலில் புரூக் ரபூட்டு இத்தாலியில் 9பி பிளஸ். ஒவ்வொரு படியும் முந்திய வாயை அடைத்தது.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். 2015இல் அஷிமா ஷிராயிஷி என்ற 13 வயதுச் சிறுமி ஸ்பெயினில் ஒரு பாதையை ஏறினாள். அது 9ஏ என்று பதிவான பாதை. ஆனால் அதற்குமுன் ஒரு பிடி உடைந்திருந்ததால் கூடியிருக்கலாம் என்று பேச்சு. அவர்கள் என்ன செய்தார்கள்? 9ஏ / 9ஏ பிளஸ் என்று சாய்கோடு போட்டு எழுதினார்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதும் துணிவு அது. நம்மட பெனரில் எப்போதாவது ஒரு சாய்கோட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

பிரித்தானியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய பழைய முறையில் ஒரு பாதைக்கு இரண்டு தரம். ஒன்று, ஆகக் கடினமான அசைவு எவ்வளவு கடினம் என்பது. மற்றது, விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து முழுப் பாதையும் எவ்வளவு பாரம் என்பது. அசைவு இலகுவாக இருந்தும் விழுந்தால் தரையில்தான் என்ற பாதைக்கு இரண்டாவது எண் கூடும். நம்மட பிள்ளைகளின் பெறுபேற்றில் இரண்டாவது எண் எங்கே? வாப்பா கட்டாரில், உம்மா நோயாளி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்த பிள்ளையின் ஆறு சி, எந்த எண்ணுக்குச் சமம்? விழுந்தால் தாங்கக் கயிறே இல்லாமல் ஏறிய பிள்ளை அது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நாடே இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. உயர்தரத்தில் வெவ்வேறு பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்தத்தான் இஸட் புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று வைத்திருப்பதும் வெறும் புள்ளி முழுக்கதை இல்லை என்பதால்தான். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதும் அதனால்தான். அரசாங்கத்துக்கு விளங்கிய விஷயம் நம்மட பெனர் அடிக்கிறவர்களுக்கு ஏன் விளங்கவில்லை?

இன்னொன்று. ஏ என்றால் 75க்கு மேல். 76 எடுத்த பிள்ளைக்கும் 98 எடுத்த பிள்ளைக்கும் ஒரே ஏ. 74 எடுத்த பிள்ளைக்கு பி. இந்த ஒரு புள்ளியில் சந்தியில் படம் வரும் அல்லது வராது. அமெரிக்காவின் தர முறையும் ஒரு காலம் 5.9இல் முடிந்தது. அதற்கு மேல் இடமில்லாததால் கடினமானதெல்லாம் 5.9க்குள் அடைபட்டது. பிறகு கணக்குக்கு ஒவ்வாது என்று தெரிந்தும் 5.10, 5.11 என்று திறந்துவிட்டார்கள். இன்று 5.15 வரை போகிறது. அளவுகோல் உண்மைக்குப் போதாவிட்டால் மாற்றவேண்டியது அளவுகோலைத்தான்.

இனி வரப்போகும் பதில்களுக்கு.

“சேர், பெனர் போட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு ஊக்கம்.” யாருக்கு? எட்டு ஏ எடுத்த பிள்ளைக்கு அது ஊக்கமாக இருக்கலாம். நான்கு எஸ் எடுத்த பிள்ளைக்கு அது தினமும் பாடசாலை கேற்றில் நின்று சொல்லும் தீர்ப்பு. பாறை ஏறும் கூடத்துக்குப் போகிற புதியவனுக்கு 9சியைக் காட்டி ஊக்கம் கொடுப்பதில்லை. போன மாதம் 5ஏ ஏறினாய், இந்த மாதம் 5சி முயற்சி செய் என்பார்கள். நேற்றைய தன்னோடு ஒப்பிடுவதுதான் ஊக்கம். ஆசிரியர் கலாசாலையில் மதிப்பீடு பற்றிப் படித்த எல்லா ஆசிரியருக்கும் இது தெரியும். தெரிந்தும் பெறுபேறு வந்த அன்று மறந்துவிடுகிறோம்.

“பாறையின் தரம் வெறும் அபிப்பிராயம், பரீட்சைப் புள்ளி அப்படியல்ல, திணைக்களம் திருத்துகிறது.” சரியான பேச்சு. அதனால்தான் நமக்குக் கூடுதல் பொறுப்பு. ஒரு அதிகாரியும் இல்லாத இடத்தில், வெறும் வாய்ச்சொல்லை நம்பி நடக்கும் விளையாட்டில், அவர்கள் முறையைச் சொல்கிறார்கள், தடவையைச் சொல்கிறார்கள், பிழைத்த எண்ணைத் திருத்துகிறார்கள். நம்மிடம் எல்லாப் பதிவும் இருக்கிறது. இருந்தும் நமக்கு வசதியான எண்ணை மட்டும் வெளியே எடுக்கிறோம்.

“வெள்ளைக்காரன்ட விளையாட்டில நமக்கு என்ன பாடம்?” நல்லது எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்கிற சமூகம் நாம். கணக்கில் நேர்மை யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவைதான். அதிபர்மார், பழைய மாணவர் சங்கங்கள், டியூட்டரி நடத்துகிறவர்கள், பேஜ் அட்மின்மார் எல்லோருக்கும்.

சித்தி வீதம் போட்டால் தோற்றியவர்கள் எத்தனை பேர், பதினோராம் தரத்தில் பதிவில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்றும் போடுங்கள். போட முடியாவிட்டால் வீதத்தையும் போடாதீர்கள்.

பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் படம் போடாதீர்கள். வேறு பாடசாலையில் பத்து வருடம் படித்துக் கடைசியில் வந்த பிள்ளை என்றால் அந்தப் பாடசாலையின் பெயரையும் எழுதுங்கள்.

இரண்டாம், மூன்றாம் தடவையில் சித்தியடைந்த பிள்ளைகளைப் பரிசளிப்பு விழாவில் மேடைக்கு அழையுங்கள். அவர்கள் விரும்பினால் “மூன்றாம் முயற்சியில்” என்று பெருமையாகச் சொல்லியே அழையுங்கள். டபிள்யூவிலிருந்து எஸ்ஸுக்கு வந்தவனுக்கும் ஒரு கைதட்டல் இருக்கட்டும்.

போட்ட கணக்கில் பிழை இருந்தால் அதே பேஜில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். ஒரு தரத்தைக் குறைத்ததால் மெகோஸின் பெயர் கெடவில்லை. உங்கள் பாடசாலையின் பெயரும் கெடாது.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. பெறுபேறு வந்த அன்று பிள்ளையிடம் “எத்தனை ஏ?” என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். “எந்தப் பாடம் ஆகக் கஷ்டமாக இருந்தது, எப்படிச் சமாளித்தாய்?” என்று கேளுங்கள். எண் எப்படியும் தெரியவரும். கதையை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

உடன்படாதவர்கள் தாராளமாக எழுதுங்கள். தனிப்பட்ட பிள்ளைகளின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ இழுக்கவேண்டாம், அப்படியான கொமென்டுகளை நீக்கிவிடுவேன். உடன்படுகிறவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், உங்கள் பாடசாலையின் அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த நாலு கோரிக்கையில் ஒன்றையாவது எழுந்து நின்று சொல்லுங்கள். அடுத்த பெறுபேறு வருமுன் அது நடந்தால் போதும், இன்ஷா அல்லாஹ்.